பாலாற்று மணலில் மர ராட்டினம்

ஆவாரம்பட்டை ஊறும் வாசனை எங்கே அடித்தாலும், ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பின்னால், பாலாற்று மணலில் திருவிழாவுக்குத் திருவிழா நட்ட மர ராட்டினத்துக்கே மனசு போய்விடுகிறது. இப்போது அங்கே மோட்டாரில் ஓடும் இரும்பு ராட்டினம். அன்று நாலு பேர் கையால் தள்ள, தோல்வாரில் தொங்கும் தொட்டில்கள் கிறீச்சிட்டுக்கொண்டே மேலே போகும்.

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கு எதற்கெடுத்தாலும் பயம், இப்போதும்தான். ஒரு திருவிழாவில் தங்கை ராட்டினத்தில் ஏறி உட்கார்ந்ததும், ஷாப்பில் அப்பா தோலைப் பார்ப்பதுபோல, அவள் தொட்டிலின் வாரை மடித்துப் பார்த்தேன். மடிப்பில் மயிரிழை போல வெடிப்பு.

"எறங்குடி!"

"இன்னா பாப்பா, பேஜார் பண்றே? பயமா இருந்தா வூட்டுக்குப் போ," என்றார் ராட்டினக்காரர். கூட்டம் சிரித்தது. நான் தங்கையை இழுத்து இறக்கிவிட்டேன். கோபத்தில் அவரே அந்த வாரைப் பிடித்துத் தொங்கிக் காட்டினார். வார் பட்டென்று அறுந்தது; அவர் மணலில் உட்கார்ந்தார்.

எழுந்து வேட்டியைத் தட்டியவர், "மீதியையும் பாத்துட்டுச் சொல்லும்மா," என்றார். அந்தத் திருவிழா முழுக்க, நான் தலையாட்டிய பிறகுதான் ராட்டினம் சுற்றியது.