ஒரு சீடிக்காக நின்ற கொச்சிக்காய் மில்

மரண அறிவித்தல்.

கண்டிக் கடையொன்றைப் பிறப்பிடமாகவும், மாத்தளையில் எங்கள் வீட்டு ஹோலை வசிப்பிடமாகவும் கொண்ட திருவாளர் சீடி ரைட்டர் அவர்கள் இன்று காலை பழைய இரும்புக்காரரிடம் போய்ச் சேர்ந்தார் என்பதை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் அறியத் தருகிறேன்.

சிரிக்காதீங்க... கொடுப்பதற்கு முன் அதன் வாயைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் கொச்சிக்காய்த் தூள் வாசம், அதே மிளகாய்க் காரம். இரண்டு தும்மல்.

எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம்தான், தெருவே 'நானா' என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனின் அரைக்கிற மில். கொச்சிக்காய், மல்லி, மஞ்சள்... அவர் மோட்டாரைப் போட்டால் எங்கள் வீட்டுக் கோப்பைகள் எல்லாம் பல்லை நறநறக்கும்.

அக்கா அப்போது மலைக்கு மேலே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் தொண்டராசிரியை. உயர்தர வகுப்பில் பதினொரு பிள்ளைகள், பாடம் உயிரியல். தமிழில் ஒழுங்கான புத்தகம் இல்லை. அதனால் ஒரு வருடமாக ஆங்கிலப் புத்தகங்களைப் பார்த்து அவளே தமிழில் டைப் பண்ணினாள். இதயம், சிறுநீரகம், தவளையின் குடல் எல்லாம் கையால் வரைந்து, ஸ்கேன் பண்ணி ஏற்றினாள்.

பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது கொம்பியூட்டருக்குள் ஒரு சத்தம். டக்... டக்... யாரோ பாக்கு வெட்டுவது போல. ஹார்ட் டிஸ்க் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. பாடம் உயிரியல், ஆனால் உயிரை எடுத்தது கொம்பியூட்டர்.

ஃப்ளொப்பியில் ஒரு தவளைகூட முழுசாக ஏறாது. கண்டிக்குக் கொண்டு போகலாமே என்பீர்கள். அந்த யுத்த காலத்தில், வயர் தொங்கும் இரும்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தமிழ்ப் பையன் பஸ் ஏறியிருந்தால், செக்பொயின்ட் செக்பொயின்டாகக் கழற்றிப் பூட்டியே எஞ்சினியர் ஆகியிருப்பேன்.

ஆக, சீடியில் பேக்கப் எடுப்பது ஒன்றுதான் வழி. எழுபது சதவீதம் வரை சமர்த்தாகப் போகும். பிறகு தட்டு வெளியே வந்து நாக்கை நீட்டும். பெயர்தான் ரைட்டர், செய்ததெல்லாம் ராங்கு. ஆறு சீடி பாழ். அம்மா அவற்றைக் கிளி விரட்டப் பப்பாசி மரத்தில் கட்டினார்.

எனக்கு அப்போது பதினைந்து வயது... தெருவின் ஒரே கொம்பியூட்டர் டொக்டர். லென்ஸைத் துடைத்தேன். வேகத்தைக் குறைத்தேன், நாற்பதிலேயே படுத்துவிட்டது. "எழுதி முடியிற வரைக்கும் யாரும் பக்கத்துலயே போகக்கூடாது, மவுஸத் தொட்டா கைய ஒடிப்பேன்" என்று வீட்டில் சட்டம் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

அக்கா திட்டவில்லை. அழவும் இல்லை. தவளையை மறுபடி கொப்பியில் கையால் எழுத ஆரம்பித்தாள். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

அப்போதுதான் கவனித்தேன். மில் ஓடத் தொடங்கும்போதெல்லாம் எங்கள் பல்ப் மங்குகிறது!

"அக்கா, ஒன்னோட சீடியப் போட்டு அரைக்கிறது நானாவோட மில்லுதான்!"

சனிக்கிழமை, நாலு மணி. மில் வாசலில் பைகளோடு ஏழெட்டுப் பெண்கள்.

"நானா, ஒரு பத்து நிமிசம் மில்ல நிப்பாட்டுவீங்களா?"

"ஏன் தம்பி, உள்ளுக்கு பூனை மாட்டிக்கிச்சா?"

"அக்காவோட பாடம் மாட்டிக்கிச்சு நானா."

வோல்டேஜ், சீடி என்று மூச்சு விடாமல் விளக்கினேன். அவருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்தப் புள்ளைகளுக்கு வேற பொஸ்தகம் இல்லையா?"

"இல்ல நானா."

சுவிட்சை இறக்கிவிட்டார்.

"ஐயோ, எனக்கு ஊருக்குப் போற நாவுல பஸ்ஸு போயிருமே!" என்றார் வரிசையில் நின்ற ஓர் அக்கா.

"பஸ்ஸு அரை மணிக்கு ஒண்டு வருது தங்கச்சி. பரீட்ச அப்பிடி வருமா?" என்றார் நானா.

தெருவே அமைதி. நான் மில் வாசலில் காவல். சதவீதத்தைப் பார்த்துக் கூப்பிடச் சொல்லி அக்காவைக் கொம்பியூட்டர் முன்னால் உட்கார வைத்திருந்தேன். ஜன்னல் வழியே அவள் குரல்...

"எழுபது... எழுபத்தஞ்சு... டேய், நூறுடா!"

"யாரு நூறு அடிச்சா?" என்று கேட்டார் நாவுல அக்கா.

ஒன்பதாம் நாள் ஹார்ட் டிஸ்க் செத்தது. பாடங்கள் சாகவில்லை. டவுன் கடையில் பிரின்ட் எடுத்து, பதினொரு கட்டாகப் போட்டோக்கொப்பி போட்டுக் கொடுத்தோம். அந்தப் பதினொருவரில் ஒருத்தி இன்று நர்ஸ். ஒருவன் அதே பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பிக்கிறான், அக்காவின் அதே தவளையை வைத்துக்கொண்டு.

புது டிஸ்க் போட்ட பிறகும் ஒரு வருடம், சனிக்கிழமை நாலு மணியானால் நானா தானாகவே மில்லை நிறுத்திவிட்டுச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவார். நாங்கள் அந்த வாரத்துப் பாடங்களைப் பேக்கப் எடுப்போம். ஒரு சொல்லில் மில்லையே நிறுத்துகிறவன் என்று வகுப்பில் எனக்கு ஏக மரியாதை.

இப்போது நான் ஒன்றும் செய்யாமலே போன் தானாகப் பேக்கப் எடுத்துக்கொள்கிறது. வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதற்காக யாரும் எதையும் நிறுத்த வேண்டியதில்லை, யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதும் இல்லை. அன்று முன்பின் பார்த்திராத பதினொரு பிள்ளைகளுக்காக, அரைக்காத கொச்சிக்காயோடு ஒரு வரிசையே நின்றது.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நான் ஹீரோ...

இரண்டாவது சனிக்கிழமையும் மில் நின்றது. அக்கா இந்த முறை என் சட்டத்தை மதித்து வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தாள். எழுபதில் தட்டு நாக்கை நீட்டியது. நான் முதல் ஆளாக உள்ளே ஓடினேன். ஸ்கிரீன் முழுக்கக் கரப்பான் பூச்சிகள் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தன.

அவை என் கரப்பான்கள். அக்காவை அலற வைக்க எப்போதோ நான் ஏற்றி வைத்து, மறந்தே போன ஸ்கிரீன் சேவர். ஐந்து நிமிடம் யாரும் மவுஸைத் தொடாவிட்டால் கிளம்பி வந்து கொம்பியூட்டரின் மூச்சையெல்லாம் குடித்துவிடும், எழுதுவது பாதியில் அறுந்துவிடும். முதல் சனிக்கிழமை வேலை நடந்தது, படபடப்பில் அக்கா மவுஸை உருட்டிக்கொண்டே இருந்ததால்தான்.

"சீடி சரியில்லக்கா" என்று சொல்லிவிட்டுக் கரப்பான்களை அழித்தேன். மில் மறுபடி ஓடத் தொடங்கியும் அடுத்த சீடியைக் கச்சிதமாக எழுதியது. மில்லுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்று நானாவிடம் சொல்ல வாய் வரவில்லை. ஒரு வருடம், சனிக்கிழமைதோறும், அவர் சும்மாவே மில்லை நிறுத்தினார்.

நானாவின் நம்பர் என்னிடம் இருக்கிறது. போன் எடுத்துச் சொல்லத் தைரியம் இல்லாமல்தான் இங்கே எழுதுகிறேன்.