யானைக்குட்டியின் கடைசிப் பக்கம்

என் மகளின் கிழிந்த படப்புத்தகத்தை ஒட்ட மைதாப் பசை காய்ச்சினேன். பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டுக் கிளறியதும் எழுந்த பசை வாடையில், இன்று கல்யாண மண்டபமாகிவிட்ட திருத்தங்கல் பட்டாசுக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன்.

கோடை விடுமுறை முழுக்க அங்கே பிள்ளைகள் நாங்கள் இதே பசையைத் தடவி வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டுவோம். நாங்கள் எழுந்து ஓடாமலிருக்க, முதலாளியின் மகள் செல்வி அக்கா வாசலில் உட்கார்ந்து ஒரு படப்புத்தகத்தை உரக்கப் படிப்பாள். பக்கம் முடிந்ததும் படத்தை எங்கள் பக்கம் திருப்புவாள், சந்தையில் தாயைத் தொலைத்த யானைக்குட்டி நீல மையில் அழுதுகொண்டு நிற்கும், குழாய்களின் சரசரப்பு சற்று நின்றுபோகும்.

"அக்கா, குட்டி தாயப் பாத்துச்சா?" என்பேன்.

"மொதல்ல லோடு போகட்டும்லே. கடைசிப் பக்கம் அன்னைக்குத்தான்."

அதற்காகவே விரல் தோலுரியச் சுருட்டினேன். குழாய் லோடு லாரியில் ஏறிய அன்று முதல் ஆளாகப் போய் நின்றேன். அக்கா சிரித்துவிட்டாள்.

"ஏலே, காயிதம் பத்தலன்னு நேத்தே புத்தகத்தக் கிழிச்சுக் குடுத்துட்டேன். நீங்கதானலே சுருட்டுனீக!"

"அப்ப குட்டி?"

"கூறுகெட்டவனே, அது கதைதானலே!"

அவசரமாகச் சுருட்டியதில், என் கைக்குள் வந்த காகிதத்தை நான் பார்க்கவே இல்லை. அந்தத் தீபாவளிக்கு மற்றவர்கள் வெடி போட, நான் தெருவில் சிதறிய காகிதத் துண்டுகளைக் கிளறி நீல மையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பசை காய்ந்ததும், "படிங்கப்பா" என்று மகள் புத்தகத்தை நீட்டினாள். கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முதல் பக்கத்தைத் திறந்தேன்.