வேலை என்று எழுதாத சான்றிதழ்

சென்ற ஞாயிறு காலை பூங்காவனத்தின் தம்பி தொலைபேசியில் அழைத்தார். "அக்கா போய்ட்டாங்க சார். குடகுல, எஸ்டேட்லயே. அங்கயே பொதைச்சிட்டு வந்துட்டோம்" என்றார். 

எழுபதுகளின் இறுதியில் ஜவ்வாது மலையில் எங்கள் தொழுநோய்த் தடுப்பு நிறுவனத்தில் இருந்த நண்பர்கள் அவரை மறந்திருக்க மாட்டீர்கள். கீழிருந்து போன நாம் சம்பளக்காரர்கள். மலையிலேயே பிறந்த பூங்காவனம் தன்னார்வத் தொண்டர். ஜீப் போகும் ஊர்களுக்கு நாம் போனோம். காவலூருக்கு அப்பால், ஜீப் போகாத ஏழு ஊர்களுக்கு அவர் நடந்தே மாத்திரை கொண்டுபோனார்.

ஒரே ஒருமுறை நானும் உடன் போனேன். ஒரு பெரியவர் மாத்திரையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தலையாட்டினார். "இன்னா மாமா, வெத்தல மாதிரி ஒதுக்கிக்கினு கீற? நாக்கத் தூக்கு" என்றார் பூங்காவனம். பெரியவர் சிரித்ததில் மாத்திரை வெளியே விழுந்தது. வேறொன்று கொடுத்து, அவர் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை நின்றார். திரும்பும் வழியில் என்னிடம், "குட்த்துட்டு வர்றது வேல இல்ல சார், முழுங்க வெக்கிறதுதான் வேல" என்றார்.

எண்பதுகளில் அரசு மலைக்குக் களப்பணியாளர்களை எடுத்தது. அனுபவச் சான்றிதழ் கேட்டார்கள். கணவரை இழந்து இரண்டு பெண் குழந்தைகளோடு நின்ற அவருக்கு அது ஒன்றே வழி. "ஒம்போது வர்சமா வேல செஞ்சேன்னு எழுதிக் குட்த்தாப் போதும் சார்" என்றார். அலுவலக எழுத்தர் நான். சம்பளப் பதிவேட்டில் பெயர் இல்லாதவரைப் பணியாளர் என்று எழுதலாமா என்று ஒரு நாள் முழுதும் யோசித்தேன். இயக்குநரிடம் கேட்கத் துணிவில்லை. "தன்னார்வத் தொண்டர்" என்றே தட்டச்சு செய்து கையெழுத்துக்கு வைத்தேன்.

திருப்பத்தூரில் நேர்காணல் முடிந்து நேராக என் மேசைக்கு வந்தார். "தொண்டெல்லாம் சேத்தி இல்லியாம் சார். வூட்ல சும்மா இருந்தவங்களும் நானும் ஒண்ணாம்." குரலை உயர்த்தவில்லை. "நீங்க என்கூட நடந்து வந்தீங்களே. பாத்தீங்கதானே?" என்றார். மாற்றி எழுதித் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளறையில் இயக்குநர் இருமினார். குனிந்து பதிவேட்டைப் புரட்டத் தொடங்கினேன்.

அடுத்த மாதம் பெண்களை அழைத்துக்கொண்டு குடகுக் காபித் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டார். ஏழு ஊர்களிலும் மாத்திரை நின்றது. 'நடக்க ஆள் இல்லை' என்று அந்த ஆண்டு அறிக்கையில் எழுதியவனும் நான்தான்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது "பாத்தீங்கதானே?" என்ற அந்தக் கேள்வி மட்டுமே. பார்த்தேன், அம்மா. பூங்காவனம் எங்கள் நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்தார். இதை இனி யாரிடம் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.