சித்ராதேவி மெஸ் திறந்திருக்கிறது

பதினேழாம் நாள் காலை ஐந்தரை மணிக்குச் சந்திரசேகர் ஷட்டரைத் தூக்கினார். முந்தைய நாள்தான் மனைவியின் கருமாதி முடிந்திருந்தது. அடுப்பு பற்றியது, இட்லி வெந்தது. ஒன்பது மணிக்குத் தொட்டியில் பதினொரு எச்சில் இலை கிடந்தது. வழக்கமாக அந்த நேரத்துக்கு அறுபது கிடக்கும்.

"துக்கம் நடந்த இடம். ஜனங்க கொஞ்சம் தயங்குவாங்க" என்றார்.

ஒரு வாரம் தயங்கினார்கள். அடுத்த வாரமும் தயங்கினார்கள். மூன்றாவது வாரம் மகள் ஸ்ரீவித்யா செல்போனில் மேப்பைத் திறந்து பார்த்தாள். சித்ராதேவி மெஸ், ஸ்ரீரங்கம். அதன் கீழே சிவப்பு எழுத்தில்: நிரந்தரமாக மூடப்பட்டது.

சந்திரசேகர் திருவெறும்பூரில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் இருபது வருடம் சமைத்தவர். ஒரு ஷிஃப்டுக்கு எண்ணூறு பேருக்குச் சாம்பார் வைத்தவர். கேன்டீனை வெளியாருக்கு விட்டபோது வேலை போனது. ஸ்ரீரங்கத்தில் மெஸ் போடலாம் என்றது மனைவி சித்ராதேவி. பெயர் வைத்ததும் அவர்தான். "என் பேரையே வெச்சிடுங்க. ரேஷன் கார்டத் தவிர வேற எங்கயும் என் பேர் இல்ல" என்றார். அப்படியே வைத்தார்கள்.

அதன் பிறகு சமையல்கட்டு இவருடையது, மற்றதெல்லாம் அவருடையது. போன் எடுப்பது, இலை போடுவது, வாங்க என்பது, மேப்பில் புகைப்படம் ஏற்றுவது எல்லாம் சித்ராதேவி. மெஸ் இருப்பது உத்திர வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். கோபுரத்தடியில் நின்றால் தெரியாது. வீதியில் நடந்தாலும் தெரியாது. வெளியூர்க்காரர்களுக்கு அந்தச் சந்து செல்போனில்தான் இருந்தது. மாசியில் மூன்று நாள் காய்ச்சலில் சித்ராதேவி போனார். செல்போனிலிருந்து சந்தும் போனது.

"மெஸ் திறந்திருக்கான்னு போன்லயா பாப்பாங்க? வந்து பாத்தா தெரியப் போவுது" என்றார் சந்திரசேகர்.

"வர்றதுக்கே அதுல திறந்திருக்கணும்பா."

அவள் விமர்சனங்களைப் படித்தாள். முப்பத்தெட்டு புதியவை. ஒன்றுகூடச் சாப்பாட்டைப் பற்றி இல்லை. ஆழ்ந்த இரங்கல். அம்மா ஆத்மா சாந்தியடையட்டும். கண்ணீர் அஞ்சலி. மேப்பில் அம்மாவின் பெயர் இருந்த ஒரே இடம் இதுதான். ஆகவே சாப்பிட்டவர்கள் எல்லாரும் இங்கே வந்து துக்கம் கேட்டிருந்தார்கள். சிலர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். பலர் ஒன்று. அந்த ஒன்றுகளில் ஒருவன் ஆட்டோ ஓட்டும் ஜோஸ்வின். ஸ்டேஷனிலிருந்து மெஸ்ஸுக்கு ஆள் கொண்டுவந்து விடுகிறவன்.

"ஏன் ஜோஸ்வின், எங்கம்மாவுக்கு ஒரு ஸ்டாரா?"

"ஸ்டார் வெக்காம அனுப்ப விடலக்கா. சாவுக்குப் போயி அஞ்சு ஸ்டாரு போட முடியுமா? சந்தோஷப்படுற மாதிரி இருக்காது?"

அவனை எப்படித் திட்டுவது? திட்டாமல் வந்துவிட்டாள்.

இரங்கல்களுக்கு மேலே ஒரு புகைப்படம் இருந்தது. இறக்கிய ஷட்டர். அதன் மேல் தெருக்காரர்கள் ஒட்டிய அஞ்சலிப் போஸ்டர்: அம்மாவின் முகம், தோற்றம், மறைவு. யாரோ இதைப் பார்த்துவிட்டு மெஸ் மூடிவிட்டது என்று அழுத்தியிருந்தார்கள். மேப் நம்பிவிட்டது. யார் அழுத்தினார்கள் என்று அது சொல்லாது.

ஸ்ரீவித்யா ஒரு தொழிற்கூடத்தில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிறவள். பிரஷர் கேஜ் தப்பாகக் காட்டினால் சிவப்புச் சீட்டுக் கட்டி ஓரமாக வைத்துவிடுவார்கள். சரிபார்த்த தேதியும் சரிபார்த்தவர் கையெழுத்தும் இல்லாத கேஜை அங்கே யாரும் தொட மாட்டார்கள். இங்கே ஊரே நம்பிப் பயணம் கிளம்புகிற கருவியில் கையெழுத்து கிடையாது, தேதி கிடையாது. ஒரு விரல் பட்டது. ஒரு மெஸ் செத்தது.

திறந்திருக்கிறது என்று திருத்தம் அனுப்பினாள். உங்கள் திருத்தத்தை உறுதிப்படுத்த முடியவில்லை என்று பதில் வந்தது. நான்கு முறை அனுப்பினாள். நான்கு முறையும் அதே வரி. கூப்பிட்டுக் கத்த ஒரு நம்பர் தேடினாள். இல்லை.

உரிமையாளராக உள்ளே போகலாம். அதற்கு அம்மாவின் நம்பருக்கு ஓடிபி வரும். அம்மாவின் போன் ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. சந்திரசேகர் தினமும் காலையில் அதற்குச் சார்ஜ் போடுவார். ஏன் என்று அவள் கேட்டதில்லை. ஓடிபி வந்த சத்தம் கேட்டு அவர் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். மறுபடி உள்ளே போனார்.

மேப் அடுத்ததாக வீடியோ கேட்டது. தெரு தெரிய வேண்டும், போர்டு தெரிய வேண்டும், பூட்டைத் திறந்து உள்ளே போவது தெரிய வேண்டும். எடுத்து அனுப்பினாள். இரண்டு நாளில் பதில்: இந்த இடத்தில் தொழில் நடப்பதை உறுதிசெய்ய முடியவில்லை. வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். முதல் பத்து வினாடி முழுக்க மூடிய ஷட்டரில் அம்மாவின் முகம்.

போஸ்டரின் ஓரத்தில் நகத்தை வைத்தாள்.

"அதத் தொடாத" என்றார் சந்திரசேகர். "அத யாரும் கிழிக்கிறதில்ல. மழையில தானா போவும்."

"மழை வர்றதுக்குள்ள மெஸ் போயிடும்பா. ஏகாதசி வருது. விழுப்புரம் வேன் வரலன்னா என்ன பண்ணுவீங்க?"

விழுப்புரத்திலிருந்து ஒவ்வொரு வளர்பிறை ஏகாதசிக்கும் ஒரு வேன் வரும். வயதானவர்கள், பதினேழு பேர். அன்று முழுக்கப் பட்டினி கிடந்து, மறுநாள் துவாதசி காலையில் குளித்து, பெருமாளைச் சேவித்துவிட்டு நேராக மெஸ்ஸுக்கு வருவார்கள். அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, வெங்காயம் பூண்டு இல்லாத சாப்பாடு. எட்டு வருடமாக ஒரு மாதம் தவறியதில்லை. அந்த வேனைப் பார்த்துத்தான் மற்ற ஊர் வேன்களும் வந்தன. அவர்களே வராவிட்டால் இந்தச் சந்துக்கு வேறு யார் வருவார்கள்?

"அவங்களுக்கு ஒரு போன் பண்ணி வாங்கன்னு சொல்லுங்களேன்."

"துக்க வீட்டுலேர்ந்து நாமளா யாரையும் வாங்கன்னு கூப்பிடக் கூடாதும்மா."

"இது வீடு இல்லப்பா, மெஸ்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

வேன்காரர்கள் பக்கமும் அதே கதை. மனைவியைப் பறிகொடுத்த மனிதரைக் கூப்பிட்டுச் சாப்பாடு உண்டா என்று யார் கேட்பார்கள்? மேப்பிடம் கேட்கக் கூச்சமில்லை. மேப்பிடம் கேட்டார்கள். அது பொய் சொன்னது.

துவாதசியன்று அவள் லீவு போட்டாள். சந்திரசேகர் யார் சொல்லையும் கேட்காமல் பதினெட்டு பேருக்கு அகத்திக்கீரை நறுக்கி வதக்கி வைத்திருந்தார், டிரைவரையும் சேர்த்து. ஆறரை ஆனது. ஏழு ஆனது. சந்தில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

ஏழு பத்துக்கு ஃபிரிட்ஜ் மேல் அம்மாவின் போன் அடித்தது. திரையில் அம்மா சேமித்து வைத்திருந்த பெயர்: சுரேஷ்குமார் விழுப்புரம் வேன் வெங்காயம் வேணாம். ஸ்ரீவித்யா எடுத்தாள்.

"ஹலோ."

அந்தப் பக்கம் ரோட்டுச் சத்தம். பிறகு, "அம்மா?"

"மக பேசுறேன். சொல்லுங்க."

"மன்னிச்சிடும்மா. பதட்டத்துல பழக்கமான நம்பரையே அழுத்திட்டேன். எடுப்பாங்கன்னு நினைக்கல." வேனை ஏற்பாடு செய்கிறவர் விடாமல் பேசினார். "அம்மா மண்டபம் ரோட்ல நிக்கிறோம். இங்க ஒரு மெஸ் இருக்கு, ஆறு மணிக்கே திறப்பாங்கன்னு மேப்ல போட்டிருந்துச்சு. வந்து பாத்தா எருக்கஞ்செடி முளைச்சுக் கெடக்கு. எல்லாரும் நேத்துலேர்ந்து தண்ணியோட இருக்காங்க. ஒரு பாட்டிக்கு மயக்கம் வருது. இங்க வேற எங்கம்மா கெடைக்கும்?"

"எங்க மெஸ் திறந்துதாங்க இருக்கு."

"மூடிட்டீங்கல்ல?"

"யார் சொன்னா?"

சமையல்கட்டு வாசலில் சந்திரசேகர் கரண்டியோடு நின்றிருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள். "வாங்க. இலை போட்டு வெக்கிறேன்."

கால் மணி நேரத்தில் வந்தார்கள். மயக்கம் வந்த பாட்டிக்கு முதலில் கஞ்சி கொடுத்தார் சந்திரசேகர். இரண்டு வாய் குடித்ததும் பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்து, "பச்சடிக்கு உப்பு போட்டிருக்கியாப்பா, போன தடவ மறந்துட்ட" என்றார். மற்றவர்கள் சாப்பிட்டார்கள். சுரேஷ்குமார் மட்டும் இலையைத் தொடவில்லை.

"நான்தாம்மா அழுத்துனது" என்றார்.

"எத?"

"மூடிட்டாங்கன்னு. பதினோராம் நாள் துக்கம் கேக்க வந்தேன். ஷட்டர் சாத்தியிருந்துச்சு, அம்மா படம் ஒட்டியிருந்துச்சு. அம்மா இல்லாம இவரு எங்க நடத்தப் போறாருன்னு நெனச்சுட்டேன். மத்த ஊர்க்காரங்க வந்து ஏமாறக் கூடாதேன்னு…"

"இப்ப ஏமாந்தது யாரு?"

"நாங்கதான்."

"பக்கத்து வீட்டுல ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"சாவு விழுந்த வாசல்ல நின்னுகிட்டு, கடைய மூடிட்டாங்களான்னு எப்படிம்மா கேக்குறது?"

கேட்கக் கூச்சம். அழுத்தக் கூச்சமில்லை. அவள் கீரைப் பாத்திரத்தை மேஜையில் வைத்தாள்.

"மூடுறதுக்கு நீங்க ஒருத்தர் போதும் சார். திறக்குறதுக்கு நான் நாலு வாட்டி எழுதிட்டேன். செத்தவங்க போன்லேர்ந்து எழுதிட்டேன். வீடியோ எடுத்து அனுப்பிட்டேன். எங்கப்பா உள்ள அடுப்புல நிக்கிறாரு, அத நம்ப மாட்டேங்குது. நீங்க சொன்னத நம்பிடுச்சு. எங்கம்மா செத்தது நெஜம். மெஸ் சாவலயே!"

பதினேழு பேரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"வித்யா" என்றார் சந்திரசேகர். "கீரை ஆறுது. அவருக்கும் வை."

வைத்தாள். சுரேஷ்குமார் குனிந்து சாப்பிட்டார்.

துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். சுரேஷ்குமாரும் கையைக் கழுவிவிட்டுச் சொல்லாமலே வேனுக்குப் போனார். மற்றவர்களும் அப்படியே ஏறினார்கள். பாட்டி மட்டும் படியில் நின்று திரும்பினார்.

"போயிட்டு வரோம்ப்பா. அடுத்த ஏகாதசிக்குப் பச்சடி இன்னும் கொஞ்சம் சேத்து வை."

வேனில் யாரோ உஸ் என்றார்கள். பாட்டி சட்டை செய்யவில்லை. சந்திரசேகர் கரண்டியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

"வாங்க" என்றார். எட்டு வருடத்தில் அந்த வாசலில் நின்று அவர் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை.

வேன் போனதும் ஒரு குண்டான் வெந்நீரோடு வெளியே வந்து ஷட்டரை இறக்கினார். "மைதாப் பசைதான். வெந்நீர் பட்டா வரும்." துணியை நனைத்து நனைத்து ஒற்றினார். மகளைத் தொட விடவில்லை. அரை மணி நேரம் ஆனது. ஒரு மூலை மட்டும் கிழிந்தது. போஸ்டரை ஒரு மேஜை மேல் விரித்து ஃபேனைப் போட்டார்.

"இப்ப எடு உன் வீடியோவ."

எடுத்தாள். பதினொரு நாள் கழித்துச் சித்ராதேவி மெஸ் திறந்திருக்கிறது என்று மேப் ஒப்புக்கொண்டது. வருத்தம் என்று ஒரு வார்த்தை இல்லை.

அன்று வேலை முடிந்ததும் ஸ்கூட்டரை அம்மா மண்டபம் ரோட்டுக்கு விட்டாள். எருக்கஞ்செடி முளைத்த இடம் மேப்பில் இன்னும் காலை ஆறு மணிக்குத் திறந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தையல்கடையில் மும்தாஜ் என்கிற பெண்மணி மெஷினில் இருந்தார்.

"அக்கா, இங்க இருந்த மெஸ்ஸு?"

"அதுவா? ரெண்டு வருஷம் ஆச்சு. அவங்க மக வீட்டுக்கே போயிட்டாங்க."

"திரும்பி வந்து நடத்துவாங்களா?"

"எடத்தையே வித்துட்டாங்களேம்மா. எதுக்குக் கேக்குற?"

"மூடியாச்சுன்னு போடணும். தெரிஞ்சுகிட்டுப் போடலாம்னு."

மும்தாஜ் மெஷினை நிறுத்தினார். "ரெண்டு வருஷமா இங்க வந்து நிக்கிறவங்கள நான்தான் திருப்பி அனுப்பிட்டு இருக்கேன். ஒருத்தராவது என்னக் கேட்டு எழுதுனாங்களா? நீதாம்மா மொத ஆளு."

அங்கேயே நின்று அழுத்தினாள். நிரந்தரமாக மூடப்பட்டது. மேப் நான்கு நிமிடத்தில் ஏற்றுக்கொண்டு நன்றி சொன்னது. அவள் சொன்னது உண்மையா என்று கேட்கவே இல்லை.