நான்காம் லெவல் மருத்துவச்சி

என் மேஜை இழுப்பறையில் ஒரு தாள் கிடக்கிறது. மேலே கோணல்மாணலாக ‘மருத்துவச்சி’ என்று எழுதியிருக்கும். அதன் கீழே லெவல் என்ற கட்டத்தில் பென்சிலால் 4. தெலுங்குப் பள்ளியில் படித்து, தமிழ் எழுத்தை வீட்டில் கற்றுக்கொண்டவரின் கையெழுத்து அது. அவர் என் மேனேஜர்; மேடம் என்றுதான் கூப்பிடுவோம். செகந்திராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். கோபம் வந்தால் இந்தி, கணக்குப் போட்டால் தெலுங்கு, மற்றதெல்லாம் அவருக்கென்றே இருந்த ஒரு தமிழ். நான் திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்தவன். ஆபீஸில் அவர் எனக்கு மேலே. ஞாயிறு மதியம், சைனிக்புரியில் என் மாடி போர்ஷனில் மட்டும் நான் அவருக்கு மேலே.

அங்கே ஆறு பேர் சேர்ந்து ஓர் ஆட்டம் ஆடுவோம். ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரம், அதற்கொரு தாள், இருபது முகம் கொண்ட பகடை. கதையை நடத்துவது நான். குகைக்குள் என்ன இருக்கிறது, அது எப்போது பாயும் என்பதெல்லாம் என் கையில். எதிரியை வீழ்த்தினால் புள்ளி, புள்ளி சேர்ந்தால் லெவல் ஏறும், லெவல் ஏறினால் புதிய சக்தி வரும். கடைசி அடி யாருடையதோ அவருக்கே புள்ளி என்பது நானாக வைத்த சட்டம். ஆகவே மேடத்தின் மருத்துவச்சி எல்லார் காயத்துக்கும் கட்டுப் போட்டுக்கொண்டு கடைசியிலேயே கிடந்தாள். “கைக்குப்பா, அடிக்கறவனுக்குத்தான் பாயிண்டா? காப்பாத்தறவளுக்கு ஒண்ணும் இல்லியா?” என்று சிரித்துக்கொண்டே கேட்பார். ‘ஏன்’ என்பதற்கு ஹைதராபாத் இந்தியில் ‘கைக்கு’. சட்டத்தை மாற்றலாம் என்று எனக்கும் தோன்றும். சோம்பேறித்தனத்தில் விட்டுவிடுவேன்.

மாரெட்பள்ளியிலிருந்து ஸ்கூட்டரில் மகளையும் கூட்டிக்கொண்டு வருவார். பத்தாம் வகுப்புப் பெண். அம்மா தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள், அதுவும் ஒற்றை வார்த்தையில். அப்பா பிரிந்து புனேயில் இருந்தார். பரீட்சை முடிந்ததும் யாரோடு இருப்பது என்று அவளே முடிவு செய்யட்டும் என்று பேசி வைத்திருந்தார்கள். என் மேஜைக்கு வந்துவிட்டால் அவள் வில்லாளி. “மம்மி, ஹீல் மீ!” என்று கத்துவாள். அம்மா பகடையை உருட்டுவார், விழுந்து விழுந்து சிரிப்பார்கள். “இந்த மூணு மணி நேரந்தான்பா அவ என்கிட்ட பேசறா,” என்று ஒருநாள் படியிறங்கும்போது மேடம் சொன்னார். அதைத் தெரிந்துகொண்டேதான் நான் பிற்பாடு செய்ததைச் செய்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அப்ரைசல். இந்த முறை பதவி உயர்வு எனக்குத்தான் என்று ஊருக்கு ஃபோன் போட்டுச் சொல்லியாகிவிட்டது. மேடம் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு, மேஜையைப் பார்த்துக்கொண்டே, “இந்த தடவ இல்லப்பா. அடுத்த தடவ பாக்கலாம்,” என்றார். ஞாயிறன்று சிரித்த முகமாகக் கதவைத் திறந்தேன், உள்ளே புழுங்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் குகையில் ராட்சதச் சிலந்தி பாய்ந்து வில்லாளி செத்துப்போனாள். எங்கள் ஆட்டத்தில் செத்தவரை எழுப்பலாம். ஐந்தாம் லெவல் மருத்துவச்சிக்கு அந்த சக்தி உண்டு. மேடத்துக்கு அதற்கு இருபது புள்ளி குறைந்தது. “இவ்ளோ நாள் எல்லாரையும் காப்பாத்தினேனே, அதுக்குப் பாயிண்ட் போட்டுக் குடுப்பா,” என்றார். மற்றவர்களும் கொடுத்துவிடச் சொன்னார்கள். நான் நிதானமாக, “இந்த தடவ இல்ல மேடம். அடுத்த தடவ பாக்கலாம்,” என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது. மகளுக்குப் புரியவில்லை. அவள் அம்மாவைத்தான் பார்த்தாள். “சோடோ, லீவ் இட் மம்மி. யூ ஆர் ஆல்வேஸ் லேட்,” என்று பகடையை டப்பாவில் போட்டு மூடினாள்.

அடுத்த ஞாயிறு மேடம் தனியாக வந்தார். மருத்துவச்சி கைத்தடியாலேயே ஓர் ஓநாயை அடித்துச் சாய்த்தாள், புள்ளி சேர்ந்துவிட்டது. எல்லாரும் கைதட்டினோம். “ஃபைவ் போடுங்க மேடம்,” என்றேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “அவ வரட்டும்பா, அப்பறம் எழுதறேன். நீயே வெச்சிரு,” என்று தாளை என்னிடம் நீட்டினார். அவள் வரவில்லை. பரீட்சை முடிந்து புனேக்குப் போனாள். சில மாதத்தில் மேடமும் வேலையை விட்டுவிட்டார்.

ஓர் ஆட்டத்துச் சிலந்திக்காக யாரும் அம்மாவை விட்டுப் போவதில்லை என்று சொல்லித்தான் பல வருஷம் என்னைத் தேற்றிக்கொண்டேன். இப்போது நானே மேனேஜர். பதவி உயர்வுக்கு நாம் எழுதி அனுப்பும் பெயர்களை மேலிடத்தில் அடித்துவிடுவார்கள், அடித்ததை நம் வாயால் சொல்ல வேண்டும். போன மாதம் ஒரு பெண்ணைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, நானும் மேஜையைப் பார்த்துக்கொண்டே அதே வாக்கியத்தைச் சொன்னேன். மேடம் அன்று என் பெயரை எழுதி அனுப்பியிருந்தாரா என்று எனக்குத் தெரியாது. அனுப்பியிருப்பார் என்றே இப்போது தோன்றுகிறது. ஆனால் அன்று என் மாடியில் எனக்கு மேலே ஒருவரும் இல்லை. சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வெட்கமாக இருக்கிறது.

இப்போது என்னோடு ஆடுகிறவர்களுக்குக் காப்பாற்றினாலும் புள்ளி உண்டு. நேற்று இழுப்பறையைத் திறந்து, தாளை வெளியே எடுத்து, ரப்பரை 4-இன் மேல் வைத்தேன். அவள் வரட்டும் என்றல்லவா சொல்லிவிட்டுப் போனார். அழிக்காமல் உள்ளே வைத்து மூடினேன்.