பிள்ளைப்பேற்றுக் காவல் பை

இது நடந்தது. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். மொன்றியலில் இதைக் கேட்டுச் சிரித்த நாலைந்து பேரை எனக்கே தெரியும். ஆனால் அவர்களில் ஒருவர்கூட இன்றைக்கு வரைக்கும் ஜொய்சி வீட்டில் பால் தேத்தண்ணி குடிக்கச் சம்மதிக்கவில்லை.

ஜொய்சி மன்னார்ப் பிள்ளை. லொங்குய்யில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. கணவன் நிஷானுக்குப் புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் வேலை. கலியாணம் முடித்து ஒன்பது வருடமாகப் பிள்ளை இல்லை. போகாத கோயில் இல்லை, வைக்காத நேர்த்தி இல்லை. கடைசியில் ஒருவழியாக வயிற்றில் தங்கியது. ஏழாம் மாதம் ஆனதும் அவளைப் பயம் பிடித்துக்கொண்டது. படி இறங்கப் பயம், பனியில் கால் வைக்கப் பயம், தும்மவும் பயம். இந்தப் பிள்ளை உயிரோடு கைக்கு வந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்ற நிலை.

அந்த நேரம் பார்த்துப் பங்குக் கோயில் நிலவறையில் பழைய உடுப்பு விற்பனை நடந்தது. ஜொய்சி ஒரு பை நிறையப் பிள்ளைச் சட்டைகள் எடுத்தாள். அடியில் ஒரு சின்னப் பட்டுப் பை கிடந்தது. இளஞ்சிவப்பு நிறம். பொன் நூலில் ஏதோ எழுத்து. வாயை வெள்ளைக் கயிற்றால் முடிந்திருந்தது.

"இது என்ன அக்கா?"

விற்பனைக்கு நின்ற அக்னெஸ் அக்கா எட்டிப் பார்த்தாள். "ஆரோ ஜப்பான்காரி கொண்டந்து வைச்சது, பிள்ளை. வாசல்ல வைச்சிட்டுத் திரும்பியும் பாராமல் போட்டா. வேணுமெண்டால் எடும்."

நம் வேதக்காரர் கழுத்தில் கயிற்றில் போடும் சின்னத் துணி உத்தரியம் போலவே இருந்தது. ஆகவே ஜொய்சி எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை அதை அலுவலகத்துக்குக் கொண்டுபோய், கூட வேலை செய்யும் யுமியிடம் காட்டினாள். யுமி ஜப்பானில் பிறந்தவள். பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம். இதற்கு ஒமாமொரி என்று பெயர், கோயிலில் வாங்குகிற காவல் பை என்றாள். விபத்து வராமல் காரில் தொங்கவிடுவது ஒன்று, சோதனையில் தேறப் பிள்ளையின் புத்தகப் பைக்கு ஒன்று, கெட்ட காலத்தைத் தடுக்க ஒன்று என்று பல வகை. இது சுகப் பிரசவத்துக்கானது. ஜொய்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு யுமி இரண்டு விஷயம் சொன்னாள். உள்ளே வேண்டுதல் எழுதிய தாளோ பலகைத் துண்டோ இருக்கும், அதைத் திறந்து பார்க்கவே கூடாது. ஒரு வருடம் ஆனதும் கோயிலில் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவர்கள் எரிப்பார்கள். அவள் வீட்டில் சொல்வார்களாம், அந்த வருடம் முழுக்க அது தடுத்த கெட்டதெல்லாம் அதற்குள்ளேதான் கிடக்கும் என்று.

"இது எத்தனை வருடத்துப் பழசு?" என்று பையைத் திருப்பிப் பார்த்தாள் யுமி. அதற்குப் பிறகு அவள் அதைத் தொடவில்லை.

சொன்னதை அப்படியே கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் ஜொய்சிக்கு மனம் குத்தியது. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு வேறு சாமியின் காவலைக் கட்டுவதா? மாதா என்ன நினைப்பார்? எறியவும் பயம், கட்டவும் பயம். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். மடு மாதா கோயில் மண் அவளிடம் இருந்தது. பாம்பும் விஷமும் அண்டாது என்று மன்னார் ஆட்கள் போகிற நாட்டுக்கெல்லாம் துணியில் முடிந்துகொண்டு போகும் மண். அதில் ஒரு சிட்டிகை உள்ளே போட்டுத் தைத்துவிட்டால் இதுவும் நம்முடையதாகிவிடும். ஒன்றுக்கு இரண்டு காவல். ஒரு பைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் இந்தக் கெட்டித்தனம் எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் வரும்.

சனிக்கிழமை மத்தியானம், யன்னலோரம் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள்.

தாள் இல்லை. பலகை இல்லை. மஞ்சள் பிடித்த பஞ்சுத் துணி. அதற்குள் கறுப்பாக ஒன்று, காய்ந்த இறால் மாதிரிச் சுருண்டு கிடந்தது. ஏதோ மூலிகை என்று நினைத்தாள். நகத்தால் அழுத்திப் பார்த்தாள்.

உள்ளே மெத்தென்று இருந்தது.

மண்ணைப் போட்டாள். ஊசியில் நூல் ஏறவில்லை. நூல் நுனியை அதே விரலால் பிடித்து வாயில் வைத்து ஈரமாக்கினாள்.

புளித்த பால் ருசி.

அப்போதுதான் அது என்னவென்று விளங்கியது. பிள்ளை பெற்ற வீடுகளில் பார்த்திருக்கிறாள். காய்ந்து விழுந்த தொப்புள்கொடி. யாரோ பெற்ற பிள்ளையின் சதை. அதன் ருசி இவள் நாக்கில்... சீ! குடல் வெளியே வருகிற மாதிரிச் சத்தி எடுத்தாள். பல் துலக்கினாள், உப்புப் போட்டுக் கொப்பளித்தாள், நாக்கைத் துணியால் தேய்த்தாள். ருசி போகவில்லை.

நிஷான் வந்ததும் மூக்கைப் பொத்தினான். "என்னப்பா, வீடு இப்பிடி நாறுது?"

"அந்தப் பையைக் கொண்டுபோய் எறியுங்கோ. எங்கட குப்பையில வேண்டாம். எங்கையாவது தூரத்தில."

அவன் பண்டகசாலைக் குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டு வந்தான். பை போனது. நாற்றம் போகவில்லை.

முதல் நாள் வாங்கிய பால் மறுநாள் திரிந்தது. கழுவி மடித்து வைத்த பிள்ளைச் சட்டைகளின் கழுத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. திரும்பத் துவைத்தாள். திரும்பவும் ஒட்டியிருந்தது. பிசுபிசுவென்று, சுரண்டினால் தயிர் மாதிரி வந்தது. தேங்காய்ப்பால் சொதியைக் கண்டாலே நிஷானுக்குக் குமட்டியது. சில பின்னேரங்களில் அறைக்குள் ஒரு சத்தம்.

சப்... சப்...

"தண்ணிக் குழாய்" என்றான் நிஷான்.

பங்குனி மாதம் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. ஒரு குறையும் இல்லை. ஆஸ்பத்திரியில் நாற்றமும் இல்லை. ஒன்பது வருட அழுகையையும் ஜொய்சி அன்றைக்கே அழுது தீர்த்தாள். அந்தப் பீடை தொலைந்தது என்றுதான் நினைத்தாள்.

வீட்டுக்கு வந்து ஒரு கிழமை இருக்கும். பின்னேரம் நாலரை மணி. இடப்பக்கம் சரிந்து படுத்து, கண்ணை மூடிக்கொண்டு பால் கொடுத்தாள். பிள்ளை இழுத்து இழுத்துக் குடித்தது. வலித்தாலும் அவளுக்குச் சந்தோஷம். இரண்டு நாளாக நிறை கூடவில்லை என்று கவலைப்பட்டவள் அல்லவா? குடிக்கட்டும், நல்லாகக் குடிக்கட்டும் என்று தலையைத் தடவினாள்.

முடி ஈரமாக இருந்தது.

தடிப்பாக... விரலில் ஒட்டியது.

குசினியிலிருந்து நிஷானின் குரல் வந்தது.

"ஜொய்சி, எழும்பும். பிள்ளை பசியில அழுகுது."

குசினியிலிருந்துதான் அழுகையும் வந்தது.

மார்பில்...

சப்... சப்...

நிற்கவில்லை.

அவள் அலறிய அலறலில் நிஷான் பிள்ளையோடு ஓடி வந்தான். கட்டிலில் ஒன்றும் இல்லை. ஜொய்சியின் சட்டை தொப்பலாக நனைந்து, கட்டி கட்டியாகத் திரிந்த பால் வழிந்துகொண்டிருந்தது. அந்த நாற்றத்தில் அவள் தன் உடம்பையே அருவருத்தாள். தோல் சிவக்கும்வரை குளியலறையில் தேய்த்தாள்.

"நித்திரை இல்லாத களைப்பு. கனவு கண்டிருக்கிறீர்" என்றான் நிஷான்.

அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவளும் பிடிவாதமாக நம்பினாள்.

மறுநாள் காலை சுகாதார நிலையத்திலிருந்து தாதி வந்தாள். பிள்ளை பிறந்த வீடுகளுக்கு வழக்கமாக வருகிறவள், நடந்தது ஒன்றும் தெரியாதவள். பிள்ளையை நிறுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். நிறை குறைந்திருந்தது. பிறகு ஜொய்சியைச் சோதித்தாள். இடப்பக்கம் சொட்டுப் பால் இல்லை.

"மூத்த பிள்ளைக்கும் கொடுக்கிறீர்களா?" என்று பிரெஞ்சில் கேட்டாள். "தவறில்லை. ஆனால் முதலில் சின்னதற்குக் கொடுங்கள். பெரியது எல்லாவற்றையும் குடித்துவிடுகிறது. கடிக்கவும் செய்கிறது, பாருங்கள். இது மேல் பல், இது கீழ்ப் பல்."

ஜொய்சி குனிந்து பார்த்தாள்.

"எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை" என்றாள்.

அழுதுகொண்டிருந்த பிள்ளையின் வாயைத் தாதி விரலால் மெல்லத் திறந்து பார்த்தாள்.

வெறும் ஈறுதான் இருந்தது.