ஊதல் அக்காவின் வீட்டுக்காரர்

ஊதல் அக்கா என்று அவளுக்குப் பெயர் வந்ததே கையிலிருக்கும் அந்தச் சின்னக் கருவியால்தான். சிகரெட்டை விடவைக்க எந்த வழி பலிக்கிறது என்று ஒரு மருத்துவக் கல்லூரி நாலு வருஷமாக ஆராய்ச்சி செய்கிறது. வீடு வீடாகப் போய், புகை பிடிப்பவர்களைக் கருவியில் ஊதச் சொல்வது அவள் வேலை. மூச்சில் எவ்வளவு சிகரெட் புகை என்று அது எண்ணில் காட்டும். ஆறுக்குக் கீழே வந்தால் பச்சை விளக்கு. பத்தைத் தாண்டினால் சிவப்பு, ஐயா அன்றைக்குப் பிடித்திருக்கிறார் என்று அர்த்தம். திட்டக் கூடாது, புத்திமதி கூடாது. "இன்னைக்கு எத்தனை?" என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பயிற்சியில் இதைப் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

அக்காவின் வாய் சும்மா இருக்குமா? போகிற வீட்டிலெல்லாம் தன் வீட்டுக்காரர் கதையை எடுத்து விடுவாள். "எங்க வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். தினம் ரெண்டு பாக்கெட். நெஞ்சுவலி வந்து படுத்தப்போ, இனி பிடிச்சா உயிருக்கு உத்தரவாதம் இல்லன்னுட்டார் டாக்டர். நான் இந்த வேலையில சேர்ந்த அதே மாசம் விட்டார். இன்னைக்கு வரைக்கும் தொடலையே!" கேட்கிறவர்களுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். இப்படியே அவள் பட்டியலிலிருந்த நாற்பத்திரண்டு பேரில் பன்னிரண்டு பேர் விட்டிருந்தார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, ஆராய்ச்சியின் மூன்றாம் மாடி அலுவலகத்தில் அவளிடம் ஊதுகிறவர்களுக்கெல்லாம் கூட்டம். அன்றைக்கென்று பார்த்து லிஃப்ட் நின்றுபோனது. அதைச் சரிசெய்ய வந்து நின்றவர் சாட்சாத் அவள் வீட்டுக்காரரேதான்! அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்துவிட்டாள்.

"இவங்க முன்னாடி ஒரு தடவை ஊதிக் காட்டுங்க."

"வேலை கிடக்கும்மா, விடு."

"அட, மூச்சுதானே? காசா பணமா?"

எல்லோரும் கைதட்டினார்கள். அவர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு ஊதினார்.

இருபத்துமூன்று. சிவப்பு.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கருவிக்குத்தான் கோளாறு என்று தானே ஊதிப் பார்த்தாள். ஒன்று, பச்சை. மறுபடி அவரை ஊத வைத்தாள். அதே இருபத்துமூன்று. அறையில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. அவள் கதையைக் கேட்டு விட்டிருந்த வெல்டர் ஒருவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

அவள் பின்னாலேயே ஓடினாள். கிரீஸ் நாற்றம் என்று சொல்லி வந்ததும் வராததுமாய்க் குளிக்கப் போகிற மனுஷன்! சட்டைப் பையில் எப்போதும் புதினா மிட்டாய்! ஊரார் வீட்டு வாசலிலேயே மோப்பம் பிடிக்கிறவளுக்கு இது தெரியாமல் போயிற்றே! இரண்டாம் மாடித் திருப்பத்தில் மறித்துக்கொண்டாள்.

"எத்தனை வருஷமாங்க இந்த நாடகம்?"

"விட்டது நிஜம்தான். மூணு மாசம். அப்புறம் ஒரு நாள் தாங்காம ஒண்ணு பிடிச்சேன். அன்னைக்கே சொல்லிடணும்னுதான் வீட்டுக்கு வந்தேன். வழியில முடிவெட்டுற அண்ணன் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'உங்க கதையைக் கேட்டுத்தான் நானும் விட்டேன்'னு அழுதார். அதுக்கப்புறம் எந்த வாயால சொல்றது?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே!"

"ஊர்ல எல்லார்கிட்டயும் எத்தனைன்னு கேட்டே. என்கிட்ட ஒரு நாளாவது கேட்டியா?"

மறித்த கையை இறக்கிவிட்டாள். வெல்டர் ஐந்து முறை சறுக்கினார். ஐந்து முறையும் பக்கத்தில் உட்கார்ந்து, "பரவாயில்லண்ணே, மறுபடி ஆரம்பிக்கலாம்" என்றது இவள்தான். வீட்டிலிருந்தவர் ஒரே முறை சறுக்கியதற்குப் பக்கத்தில் உட்கார ஆளில்லை. இவள் பெயர் கெடக் கூடாது என்று ஏதோ ஒரு மொட்டைமாடி மோட்டார் அறையில் ஒளிந்து பிடித்து, அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருந்தால்? ஐயோ!

படியில் உட்கார்ந்தாள். நாக்கு நுனிவரை வந்த திட்டை விழுங்கினாள். பையிலிருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்து, பட்டியலின் அடுத்த எண்ணைப் போட்டாள். நாற்பத்துமூன்று.

"இன்னைக்கு எத்தனை?" என்று கேட்டாள்.

அவர் கைப்பிடிக் கம்பியைத் தடவிக்கொண்டே நின்றார்.

"நாலு."

அவள் எழுதினாள். அவர் பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இல்லம்மா. ஆறு."